ஐந்தாவது உருப்படி

நவம்பர் 3, 2011, வியாழன்

காலையில் ஆவுடையப்பன் வந்தார். சபாவின் அறுபதாம் ஆண்டு மலருக்கு நான் எழுத ஒப்புக்கொண்ட ஒன்பது வாழ்க்கைக் குறிப்புகளில் ஏழு முடிந்துவிட்டன. ஒன்பது பேரும் தாமிரபரணிக் கரை ஊர்களில் பிறந்து கீர்த்தனைகள் இயற்றியவர்கள். எட்டாமவர் ஆவுடையப்பனின் தந்தை, மேலக்குளம் கல்யாணசுந்தர பாகவதர். மகன் இப்போது சபாவின் செயலாளர். ஆகவே அந்தக் குறிப்பை மட்டும் இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன்.

"அண்ணாச்சி, ஏழையும் வாசிச்சேன். ஒரு தப்பு கெடையாது. ஆனா அவுக எல்லாம் ஏற்கெனவே ஒரு தடவை செத்தவுக. உங்க எழுத்துல இன்னொரு தடவை சாகுதாக. அப்பாவயாவது கொஞ்சம் உசிரோட வைங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் போனபின் ஏழையும் எடுத்துப் படித்தேன். பிறந்தார், குருவிடம் சேர்ந்தார், இயற்றினார், மறைந்தார். பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் தெரியாது. ஆவுடையப்பன் சொன்னது சரிதான். இந்த வேலைக்கு வேறு ஆளைப் பார்த்திருக்கலாம்.

என் மனைவி உலகம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "பாகவதரயும் எளுதுதியளா?" என்றாள். ஆமாம் என்றேன். "எளுதுங்க" என்றாள்.

நவம்பர் 5

மழை. கொசுவலையில் இரண்டு ஓட்டைகள். தைத்தேன். தையல் நேராக வரவில்லை.

நவம்பர் 9

இன்று எதுவும் எழுத ஓடவில்லை. காரணம் இரண்டாம் குறிப்பில் நானே எழுதியிருக்கும் ஒரு தகவல். அந்தப் பெரியவர் ஒரே கீர்த்தனையைப் பத்தொன்பது ஆண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தாராம். எழுதும்போது அதை அவருடைய பொறுமைக்குச் சான்றாகக் காட்டியிருந்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. ஏழாம் ஆண்டில் அதை ஒருமுறை கேட்டுவிட்டு ஒருவன் போயிருந்தால், அவன் எதைக் கேட்டவன்?

என் விதியைப் பற்றி இதுவரை இந்த நாட்குறிப்பில் எழுத நேர்ந்ததில்லை. முப்பத்தோரு வயதில், கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, எந்தப் பாட்டையும் ஒருமுறைக்கு மேல் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு தேற்றத்தை ஒருமுறை நிறுவினால் போதும். பாட்டும் அப்படித்தான் என்பது என் எண்ணம். முதல் தடவை முழு மனதோடு கேட்க வேண்டும். உடனே குறித்துக்கொள்ள வேண்டும். தேதி, இடம், பாடியவர், இராகம், தாளம், இயற்றியவர், குறை நிறை என்று ஏழு கட்டங்கள். பதினொரு நோட்டுகள் சேர்ந்துவிட்டன. கச்சேரியில் ஏற்கெனவே கேட்ட பாட்டைத் தொடங்கினால் "மறு" என்று ஒரு சொல் எழுதிவிட்டு வெளியே போய் நிற்பேன். பாட்டு முடிந்ததும் திரும்பி வந்து உட்காருவேன்.

சபாவில் இது எல்லோருக்கும் தெரியும். "குற்றாலிங்கம் எந்திச்சாச்சு. பளைய பாட்டு" என்று பின்வரிசையில் சொல்வார்கள். பாடுகிறவர்களுக்கும் தெரியும். நான் எழுந்தால் மிருதங்கக்காரர் ஒருவர் சிரிப்பார்.

இதில் எனக்கு ஓரளவு பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 14

பாகவதர் குறிப்பைத் தொடங்கினேன். அவர் பெயரை நாடறியச் செய்தது காம்போதி இராகத்தில் அமைந்த ஒரு கீர்த்தனை. இன்று சென்னையிலும் பாடுகிறார்கள். கல்யாண வீடுகளில் நாதசுரத்தில்கூட வருகிறது. அதை அவர் முதன்முதலாக மேடையேற்றிய தேதி வேண்டும். அது நம் சபாவில் நடந்தது, நானும் இருந்தேன். நான்காம் நோட்டில் இருக்கும்.

நவம்பர் 15

இருக்கிறது. 17.1.1971, ஞாயிறு. என் கையெழுத்தில் இப்படி: "ஐந்தாவது உருப்படி. காம்போதி. நேற்றுத்தான் இயற்றி முடித்ததாகவும் இதுவே அரங்கேற்றம் என்றும் பாகவதர் சொன்னார். மறு. வெளியே சென்றேன்."

நேற்று முடித்த பாட்டு எப்படி "மறு" ஆகும்?

பிழையாக இருக்க வேண்டும். வேறு காம்போதிப் பாட்டு ஏதாவது நினைவில் இருந்து குழம்பியிருப்பேன். ஆறாவது, ஏழாவது உருப்படிகளுக்குக் குறிப்பே இல்லை. எட்டிலிருந்து மறுபடியும் இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 16

1971-க்கு முந்தைய மூன்று நோட்டுகளிலும் காம்போதி உருப்படிகளைத் தனித்தாளில் வரிசைப்படுத்தத் தொடங்கினேன். இருபத்திரண்டு தேறும். உலகம்மாளின் முழங்காலுக்குத் தைலம் வாங்கினேன். கடையில் சின்ன புட்டிதான் இருந்தது.

"என்னத்தத் தேடுதிய?" என்று கேட்டாள்.

ஒரு தேதி என்றேன்.

நவம்பர் 18

கிடைத்துவிட்டது.

9.8.1970. இடம்: வீடு. பாடியவர்: உலகு. இராகம்: காம்போதி. தாளம்: ஆதி. பல்லவியின் சொற்களை எழுதியிருக்கிறேன். அதே சொற்கள். சரணத்தின் கடைசி அடியையும் எழுதியிருக்கிறேன். இயற்றியவர் தம் பெயரை முத்திரையாக அங்கேதான் வைப்பார் என்பதால் அதைத் தவறாமல் எழுதுவது என் வழக்கம். இன்று எல்லோரும் பாடும் கடைசி அடியில் கல்யாணசுந்தரன் என்ற பெயர் வருகிறது. என் நோட்டில் உள்ள அடியில் யார் பெயரும் இல்லை.

குறை நிறை: "சரணத்தின் மூன்றாம் அடியில் தயக்கம். திருத்தலாம்."

இயற்றியவர்: "தெரியவில்லை. உலகுவிடம் கேட்க வேண்டும்."

நாற்பத்தொரு வருடமாகக் கேட்கவில்லை.

நவம்பர் 19

வங்கிக்குப் போய் உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்தேன். இருக்கிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

நவம்பர் 22

அந்த நாட்களில் உலகம்மாள் செவ்வாயும் வெள்ளியும் பாகவதர் வீட்டுக்குப் பாட்டு வகுப்புக்குப் போய்வந்தாள். பாகவதர் சொல்லிக்கொடுத்த புதுப்பாட்டை அவள் வீட்டில் பாடிப் பார்த்திருக்கலாம். அரங்கேற்றத்துக்கு முன்பே மாணவிகளுக்குக் கற்றுக்கொடுப்பது உண்டு. அப்படியானால் "நேற்று முடித்தேன்" என்று மேடையில் சொன்னது ஒரு சிறு மிகை, அவ்வளவுதான். முத்திரையைப் பிறகு சேர்த்திருப்பார். எல்லாம் பொருந்துகிறது.

இதை வைத்து அவர் குறிப்பை முடித்துவிட்டேன். "1971-ஆம் ஆண்டு இவர் இயற்றி அரங்கேற்றிய காம்போதிக் கீர்த்தனை" என்று எழுதினேன்.

மாலையில் "இயற்றி" என்ற சொல்லை அடித்தேன். "அரங்கேற்றிய" என்பது மட்டும் இருந்தால் பொய் இல்லை. பிறகு, இது பரீட்சையில் விடை தெரியாத மாணவன் எழுதும் வாக்கியம் என்று தோன்றியது. அப்படி எழுதியவர்களுக்கு நான் அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை.

நவம்பர் 27, ஞாயிறு

இன்று கேட்டேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான்காம் நோட்டையும் மூன்றாம் நோட்டையும் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உலகு, அந்தக் காம்போதிப் பாட்டு யார் போட்டது?"

முறம் நிற்கவில்லை. "எந்தப் பாட்டு?"

பல்லவியைச் சொன்னேன். எனக்குப் பாட வராது, சொற்களாகச் சொன்னேன்.

"இப்பம் என்னத்துக்கு?"

"மலருக்கு எழுத வேண்டும்."

"ஓகோ, மலருக்கா?" என்று சொல்லி முறத்தைக் கீழே வைத்தாள். "நாந்தான். வேற யாரு? ஆடி மாசம், நீங்க காலேஜுக்குப் போன பெறவு, ஒம்பது நாளு. பத்தாம் நாளு ஞாயித்துக்கெளம. ஒங்க முன்னால பாடுனேம்லா? நோட்ட எடுத்து எளுதுனிய. எளுதி முடிச்சிட்டு, மோர்க்கொளம்புல உப்பு கொறையுதுன்னு சொன்னிய."

"யாருடைய பாட்டு என்று நீ சொல்லவில்லையே."

"நீங்க கேப்பியன்னு இருந்தேன். எல்லாரு பாட்டுக்கும் ஆரு போட்டது, எந்தூரு, எந்த வருசம்னு கேக்க மனுசன், இதுக்குக் கேக்காமலா இருப்பாகன்னு. ரெண்டு நாளு பாத்தேன். நல்லா இல்ல போல, அதான் பேசாம இருக்காகன்னு நெனச்சுக்கிட்டேன். சரி, எங்க கோளாறுன்னு தெரிஞ்சுக்கிடலாம்னு பாகவதருகிட்டக் கொண்டுபோய்ப் பாடிக் காட்டுனேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"இன்னொரு தடவ பாடுன்னாக. பாடுனேன். அப்பறம் இன்னொரு தடவ. மூணாந்தடவ அவுகளும் கூடச் சேந்து பாடுனாக."

அரிசியில் கல் ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் போட்டாள்.

"அன்னைக்குக் கச்சேரியில, நான் பொம்பளையாளுக பக்கம் மூணாவது வரிசை. பாகவதரு புதுப்பாட்டுன்னு சொல்லுதாக. ஆரம்பிச்ச ஒடனே எம்பாட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. ஒங்களத் திரும்பிப் பாத்தேன். நீங்க எந்திச்சிய. எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா? ஆகா, கண்டுபிடிச்சிட்டாக, வெளிய போய் நிக்காக, வீட்டுக்குப் போனதும் கேப்பாகன்னு. பாகவதரும் நீங்க எந்திச்சதப் பாத்தாக. ரெண்டாவது அடியில பாட்ட நிறுத்தித் தண்ணி குடிச்சாக. ரிக்சாவுல வரும்போது என்ன பேசுனிய, ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"சமாதானபுரத்துல தேங்கா சல்லிசாக் கெடைக்குன்னு."

பிறகு சொன்னாள்: "அந்தப் பங்குனியில ஒங்கள சபாக் கமிட்டியில போட்டாக. மாலயோட வந்திய."

அது என் நோட்டுகளுக்காகக் கிடைத்த மரியாதை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள். அந்தப் பங்குனிக்குப் பிறகு அவள் பாட்டு வகுப்புக்குப் போகவில்லை. ஏன் என்று அதையும் நான் கேட்டதில்லை. வீட்டுவேலை அதிகம் என்று நானே காரணம் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 28

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. 17.1.1971 அன்று ஒரு பாட்டு நேரம் மட்டுமா நான் வெளியே நின்றேன்? மூன்று பாட்டு நேரம் நின்றேன். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், குழாயடியில். யார் குரலில் அதை முதலில் கேட்டேன் என்பது எனக்கு அப்போதே தெரியும். உள்ளே போனால் ஏதாவது சொல்ல வேண்டிவரும் என்பதால் நின்றேன்.

நவம்பர் 30

ஆவுடையப்பன் வீட்டு வாசல் வரை போனேன். நோட்டுகள் பையில். அழைப்புமணியை அழுத்தாமல் திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 2

இன்று அழுத்தினேன்.

ஆவுடையப்பன் இரண்டு பக்கங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, இது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா?" என்றார். "அப்பாவே சொல்லியிருக்காக. கடைசிக் காலத்துல, படுக்கையில கெடக்கும்போது. குற்றாலிங்கத்துக்குத் தெரியும், அன்னைக்கு எந்திச்சுப் போனாரு, ஒரு வார்த்த சொல்லல, பெரிய மனுசன், விட்டுக்குடுத்துட்டாருன்னு. வீட்டுக்காரரே சம்மதிச்ச பெறவு என்னன்னு நெனச்சுட்டாக."

"நான் சம்மதிக்கவில்லை" என்றேன்.

"வேண்டாம்னும் சொல்லலயே அண்ணாச்சி. நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா மேடையிலயே சொல்லியிருப்பேன்னு சொன்னாக."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. இறக்கப்போகிறவர்கள் தங்களுக்குச் சாதகமாகவும் பேசலாம். ஆனால் அதை மெய்ப்பிக்கும் வாய்ப்பை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

"மதினி என்ன சொல்லுதாக?" என்று கேட்டார். "அவுக சரின்னா போட்டுருவோம். அப்பா பேரு கொஞ்சம் கொறையும். கொறஞ்சா கொறையட்டும். அவுகளுக்கு இன்னும் அறுபது பாட்டு இருக்கு. ஆனா ஒண்ணு, அட்டை அடிச்சு வந்தாச்சு. 'ஒன்பது இசைமணிகள்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பத்தாக்க முடியாது. எடமும் கெடையாது. ஒரே ஒரு பக்கந்தான் மிச்சம், தொகுத்தவர் பத்தி."

தொகுத்தவர் என்றால் நான். புகைப்படம்கூடக் கொடுத்திருந்தேன்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

டிசம்பர் 3

"எம் பேரப் போடுதியளா?" என்று உலகம்மாள் கேட்டாள். வேண்டாம் என்பாள், மன்னித்துவிட்டேன் என்பாள் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது சொன்னால் எனக்கு நிம்மதி என்றும் இருந்தது.

"போடுங்க. முளுசாப் போடுங்க. கு. உலகம்மாள்னு போடாதிய. எங்க அப்பா எளுத்து ச. அதப் போடுங்க. இன்னாரு சம்சாரம்னு எங்கயும் வரப்பிடாது."

டிசம்பர் 6

ஒன்பதாவது குறிப்பும் நேற்று முடிந்தது. அவளுடைய வாழ்க்கைக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். ஒன்பது பேரைப் பற்றி, நேரில் பாராதவர்களைப் பற்றிக்கூட, மூன்று மூன்று பக்கங்கள் எழுதியவன். இவளோடு நாற்பத்தொன்பது வருடங்கள் இருந்திருக்கிறேன்.

பிறந்த ஆண்டு தெரியும். ஊர் தெரியும். முதல் குரு யார்? கேட்டேன். அம்பாசமுத்திரத்தில் பக்கத்து வீட்டுச் சித்தி என்றாள். எத்தனை வயதில் இயற்றத் தொடங்கினாள்? பதினேழு.

"அப்படியானால் காம்போதிப் பாட்டு முதல் பாட்டு இல்லையா?"

"அது பன்னெண்டாவது. அதுக்குப் பெறவு ரெண்டு."

"மொத்தம் பதினான்கு."

"கணக்கு வாத்தியாருல்லா. சரியாச் சொல்லுதிய."

"மற்ற பதின்மூன்றும்?"

"எங்க இருக்கும்? எளுதி வைக்கல. பாடுனாத்தான இருக்கும். மாவாட்டும்போது ஒண்ணு ரெண்டு பாடிக்கிடுவேன். கிரைண்டரு வந்த பெறவு அந்தச் சத்தத்துல அதுவும் போச்சு. எவ்வளவு நாளுதான் ஒரே ஆளு தனக்குத்தானே பாடிக்கிட்டுக் கெடக்க?"

டிசம்பர் 7

ஆறு வரி எழுதியிருக்கிறேன். மீதிப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. இட்டு நிரப்ப ஏதாவது வாக்கியம் தோன்றினாலும் அடித்துவிடுகிறேன்.

டிசம்பர் 15

அச்சகத்தில் பிழை திருத்தினேன். பாகவதர் குறிப்பில் அந்தக் காம்போதிக் கீர்த்தனையை எடுத்துவிட்டு, "இவர் அரங்கேற்றிய காம்போதிக் கீர்த்தனை ச. உலகம்மாள் இயற்றியது, சான்று: 9.8.1970 தேதியிட்ட குறிப்பு" என்று அடிக்குறிப்பு சேர்த்தாயிற்று. யாருடைய குறிப்பு என்று போடவில்லை. முதலில் அடக்கத்தால் என்று நினைத்தேன். வெட்கத்தால்தான்.

ஜனவரி 8, 2012, ஞாயிறு

மலர் வெளியீடு. ஆவுடையப்பன் வண்டி அனுப்பியிருந்தார். உலகம்மாள் நாற்பது வருடங்களுக்குப் பிறகு சபாவுக்குள் வந்தாள். படி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், முழங்கால் வலி.

கச்சேரி செய்தது மதுரையிலிருந்து வந்த ஒரு பெண். ஆவுடையப்பன் மைக்கில், "அடுத்து வரும் பாட்டை இயற்றியவர் இந்த அவையில் இருக்கிறார்" என்று அறிவித்துப் பெயரைச் சொன்னார். இதுவரை அது தம் அப்பாவின் பெயரில் வழங்கியதையும் சொன்னார். கைதட்டினார்கள். உலகம்மாள் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

பல்லவி தொடங்கியது. பின்வரிசையில் யாரோ, "இருங்க, இப்பம் எந்திப்பாரு பாருங்க" என்றது எனக்குக் கேட்டது. உலகம்மாளுக்கும் கேட்டிருக்கும். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

சரணத்தின் மூன்றாம் அடி வந்தது. ஒரு சொல்லுக்கு முன்னால் பாட்டு நின்றது. தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. பிறகு அந்தச் சொல் வந்தது. அந்தச் சொல்லுக்காகத்தான் பாட்டே ஏறி வந்திருக்கிறது. இதைத்தான் நான் "தயக்கம், திருத்தலாம்" என்று எழுதியிருக்கிறேன். பாகவதர் கடைசி அடியை மாற்றியவர். இந்த இடத்தை அவர் தொடவில்லை.

என் பதினொரு நோட்டுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளுக்குக் குறை நிறை எழுதியிருக்கிறேன். அவற்றில் எத்தனை சரி என்று இனிப் பார்க்க முடியாது. இரண்டாம் தடவை கேட்டால் முதல் தடவை எழுதியது தப்பாகிவிடுமோ என்ற பயத்துக்குத்தான் விதி என்று பெயர் வைத்திருந்தேன் போலும்.

முடிந்ததும் உலகம்மாளிடம், "மூன்றாம் அடி" என்றேன்.

"அந்தப் பிள்ள கொஞ்சம் அவசரப்பட்டுட்டா" என்றாள். "இன்னும் ஒரு தாளம் விட்டிருக்கணும்."

ஜனவரி 11

மற்ற பதின்மூன்றில் ஏதாவது ஒன்று நினைவிருக்கிறதா என்று காலையில் கேட்டேன். புது நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கட்டம் போடவில்லை.

"போங்க, இந்த வயசுல" என்றாள். பிறகு, சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "கடைசியாப் போட்டது ஒண்ணு. பதினாலாவது. முகாரி. அம்மன் மேல. ஆரம்பம் ஞாபகம் இருக்கு. பாடப் பாட வருதான்னு பாப்போம்."

பாடினாள். குரல் உடைந்திருக்கிறது, சுருதி உடையவில்லை.

அடுப்பணைத்து வந்தேன் காந்திமதி,
அரை நாழி கேட்பாயோ

அதோடு நின்றாள். அடுத்த வரி வரவில்லை.

"மறுபடி பாடு" என்றேன். வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத சொல். அவள் என்னைப் பார்த்தாள்; பிறகு பாடினாள். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தடவை தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடினாள். அங்கே ஒரு ஏற்றம் இருந்தது என்பது மட்டும் நினைவிருப்பதாகச் சொல்லிக் கையை மேலே தூக்கிக் காட்டினாள். சொல் இல்லை. ஸ்வரமும் இல்லை.

இதுவரை ஏழு தடவை பாடியிருக்கிறாள். ஏழு தடவையும் "கேட்பாயோ"வில் நின்றுவிட்டது. பால் வாங்கப் போயிருக்கிறாள். வந்ததும் இன்னொரு தடவை கேட்க வேண்டும்.